மாதுங்காவுக்கு வெயில் வந்த கதை

மாதுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் ஒருமுறையாவது காலை நேரத்தில் நடந்து போனவர்களுக்கு, இது மும்பைதானா என்ற சந்தேகம் வந்திருக்கும். மூன்று மாடி, நாலு மாடிப் பழைய கட்டடங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே தாராளமான இடைவெளி. ரோட்டோரம் பெரிய பெரிய மரங்கள். கீழ்வீட்டு ஜன்னலுக்குள்ளும் எட்டு மணி வெயில் போய் உட்கார்ந்திருக்கும்.

இங்கே குடிவந்த புதிதில், வெள்ளைக்காரன் ரசித்துக் கட்டியிருக்கிறான் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன். ரசனையெல்லாம் கிடையாது. பயம். அந்த இடைவெளிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியா. அதன் கதையைத் தேடிப் படிக்க வைத்தது எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா.

அக்காவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குடிசையை இடித்துவிட்டு, மாற்றாகக் கொடுத்த ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடியில் இருக்கிறார். போன வருஷம் மகளுக்கு டி.பி. என்று தெரிந்தது. அதை முதலில் எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். கடைசியில் சொன்னபோதும் வியாதியைப் பற்றி அதிகம் பேசவில்லை. "வீட்டுல வெயிலே விழாதுண்ணே. பகல்லயும் லைட்டு போட்டாத்தான் அடுப்பு தெரியும். புள்ள ஒரு வார்த்தை பேசாம சுவத்தையே பாத்துக்கிட்டு கெடக்கு" என்றார்.

கிருமி, வெளிச்சம், மனசு மூன்றையும் அவர் ஒரே மூச்சில் சொன்னது எனக்குள் ஒட்டிக்கொண்டது. இந்த ஊரின் வரலாற்றில் இந்த மூன்றும் ஏற்கெனவே ஒருமுறை சந்தித்திருக்கின்றன என்று பிறகுதான் தெரிந்தது.

1896, மாண்ட்வி

துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் அப்போது வரிசையாகத் தானியக் கிடங்குகள். கிடங்குக்கு மேலேயே சால்கள். சால் என்றால் தெரியும்தானே? நீளமான ஒரு தாழ்வாரம், வரிசையாக ஒற்றை அறைகள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம். சில அறைகளுக்கு ஜன்னல்கூடக் கிடையாது. கீழே மூட்டை, மூட்டைக்குள் எலி, மேலே மனிதன்.

1896 செப்டம்பரில் அங்கே கடும் காய்ச்சலோடு தொடை இடுக்கில் நெறி கட்டிய நோயாளிகளைப் பார்த்தவர் டாக்டர் அகாசியோ காப்ரியேல் வியகாஸ். கோவாக்காரர், முனிசிபல் உறுப்பினர். இது ப்ளேக் என்று துணிந்து சொன்னார். (மெட்ரோ சினிமா அருகே நிற்கும் சிலை இவருடையதுதான். தினமும் அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.) இரண்டு வருஷம் முன்னால், 1894-ல், ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். ஆகவே எதிரி யார் என்று தெரியும். அது எப்படி ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் போகிறது என்பது தெரியாது. அத்தனை கஷ்டமும் இந்த இடைவெளியில்தான் நடந்தது.

அன்றைய பெரியவர்கள் பலருக்கு அழுக்கும் கெட்ட காற்றும் மண்ணுமே குற்றவாளி. சாக்கடைகளில் கடல் தண்ணீரும் கார்பாலிக் அமிலமும் கொட்டினார்கள். வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு அடித்தார்கள். தரையைத் தோண்டினார்கள். வெளிச்சம் வரட்டும் என்று கூரை ஓட்டைப் பிரித்தார்கள். துணிமணிகளைக் கொளுத்தினார்கள். சில வீடுகளின் சுவரில் 'யு.ஹெச்.ஹெச்' என்று மூன்று எழுத்து எழுதிவிட்டுப் போனார்கள். மனிதர் குடியிருக்கத் தகுதியற்றது என்று அர்த்தம். உள்ளே குடியிருந்த மனிதர்களிடம் அதற்குப் பிறகு எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை.

உண்மையில் கிருமி எலியின் உடம்பில் இருந்த தெள்ளுப்பூச்சியில் பயணம் செய்துகொண்டிருந்தது. எலி செத்ததும் தெள்ளு பசியோடு அடுத்த உடம்பைத் தேடும். அதே அறையில் மனிதன் படுத்திருப்பான். சாக்கடையைக் கழுவக் கழுவ, அங்கிருந்த எலிகள் வீட்டுக்குள்தான் ஓடியிருக்கும். இதை 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சோதனை செய்து காட்டினார். உடனே யாரும் நம்பவில்லை. 1905-ல் தொடங்கிய ப்ளேக் ஆய்வுக் குழு பம்பாயிலேயே சோதனைகள் நடத்தி உறுதி செய்த பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது.

கிருமியைவிட வேகமாகப் பரவியது

1891 கணக்கெடுப்பில் பம்பாயின் மக்கள்தொகை சுமார் 8.2 லட்சம். 1897 தொடக்கத்துக்குள் ஏறக்குறைய பாதி ஊர் காலி. மில்களில் ஆள் இல்லை. ரயிலிலும் படகிலும் கால்நடையாகவும் கொங்கணத்துக்கும் குஜராத்துக்கும் ஓடினார்கள். கூடவே கிருமியும் போனது. (2020-ல் நெடுஞ்சாலைகளில் மூட்டையோடு நடந்தவர்களைப் பார்த்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் காட்சி இன்னும் கனத்திருக்கும்.)

ஓடாமல் தங்கியவர்களுக்கு ப்ளேக்கைவிடப் பெரிய பயம் ஆஸ்பத்திரி. ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவன் திரும்பி வரமாட்டான், அங்கே உடம்பிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள் என்று வதந்தி. 1896 அக்டோபரில் ஏறத்தாழ ஆயிரம் மில் தொழிலாளிகள் அந்த ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். படிக்காத ஜனங்கள் என்று ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர்கள் பக்கமிருந்து பாருங்கள். அம்மாவை ஒரு வண்டியில் தூக்கிப் போடுகிறார்கள். கூட வர விடுவதில்லை. அவள் கையால் தண்ணீர் குடிப்பாளா, சாதி ஆசாரம் என்ன ஆகும், செத்தால் யார் கொள்ளி வைப்பார்கள், ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் செத்துப் போனாள் என்று செய்தி வருகிறது. வதந்தி பிறக்க இதைவிட நல்ல நிலம் ஏது?

1897 பிப்ரவரி 4-ம் தேதி தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், யாரையும் பிடித்து வைக்கலாம், எதையும் இடிக்கலாம். ரயில் நிலையங்களில் பயணிகளை நிறுத்தி அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி தேடினார்கள். பெண்களையும் விடவில்லை. புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். அங்கே ப்ளேக் அதிகாரியாக இருந்த ராண்டை 1897 ஜூன் 22 அன்று, விக்டோரியா மகாராணியின் வைரவிழா இரவில், சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். தன் பத்திரிகையில் எழுதியதற்காகத் திலகர் ராஜத்துரோக வழக்கில் சிறைக்குப் போனார். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் இது சுதந்திரப் போராட்ட அத்தியாயத்தில் வரும். அதை நோய் அத்தியாயத்திலும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

1898 மார்ச் 9 அன்று பம்பாயிலேயே மதன்புராவில் நெசவாளிகள் நடுவே கலவரம். ஒரு வீட்டில் நோயாளிப் பெண் இருக்கிறாளா என்று சோதனை போட வந்ததில் ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் அரசாங்கம் இறங்கி வந்தது. வற்புறுத்தல் குறைந்தது. அந்தந்த சமூகத்தாரே நடத்தும் ஆஸ்பத்திரிகளுக்கு அனுமதி கிடைத்தது. பயந்த மனசை வைத்துக்கொண்டு மருத்துவம் பார்க்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள ஒன்றரை வருஷமும் நிறைய உயிர்களும் செலவாகியிருந்தன.

நம் பக்கம் இந்தப் பயத்தை வேறு மாதிரி கையாண்டார்கள். கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அங்கே பிளேக் மாரியம்மனுக்கே கோயில் உண்டு. கிருமி நாசினி அல்லதான். ஆனால் வீட்டில் சாவு விழுந்தவனுக்குப் போய் நின்று அழ ஓர் இடம் கிடைத்தது. அதிகாரிகளின் கணக்கில் அந்தத் தேவைக்கு ஒரு வரிகூட இல்லை.

கொடுமை மட்டும்தான் நடந்தது என்று சொன்னால் அநியாயம். வால்டெமார் ஹாஃப்கின் கிராண்ட் மெடிக்கல் காலேஜில் கிடைத்த சிறிய இடத்தில் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். 1899-ல் அவருடைய ஆய்வகம் பரேலில் பழைய கவர்னர் மாளிகைக்கு மாறியது. இன்றைய ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் அதுதான்.

63.5 டிகிரி

இனி மாதுங்காவுக்கு வரலாம்.

1898-ல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்று ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். நெரிசலான பேட்டைகளை உடைத்துக் காற்று வர வழி செய்வது அதன் வேலை. கடல் காற்று ஊருக்குள் புகட்டும் என்று பிரின்சஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடும் போட்டார்கள். வடக்கே தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பக்கம் வயலும் தோப்புமாகக் கிடந்த நிலத்தை எடுத்துப் புதிய குடியிருப்புகளுக்கு வரைபடம் போட்டார்கள்.

டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே.பி. ஓர் என்பவர் 1910-களில் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் பிரசாரம் செய்தார். கீழ்த்தள அறையின் வெளிச்சுவர் அடியிலிருந்து 63.5 டிகிரி கோணத்தில் மேல்நோக்கி ஒரு கோடு இழுக்கவேண்டும். எதிர்க்கட்டடம் அந்தக் கோட்டைத் தாண்டித் தலை நீட்டக்கூடாது. பள்ளிக்கூடத்து முக்கோணவியல் ஞாபகம் இருந்தால், இந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் சுமார் 2. அதாவது கட்டடத்தின் உயரத்தில் பாதியாவது நடுவே காலியிடம் வேண்டும். 60 அடிக் கட்டடம் என்றால் 30 அடி. அவ்வளவுதான் விஷயம். ஒரு கொத்தனாருக்குக்கூட ஒரு நிமிஷத்தில் புரியும்.

மாதுங்காவின் தாராளத்துக்குப் பின்னால் இருப்பது இந்தச் சிந்தனைதான்.

இதில் ஒரு வேடிக்கையும் ஒரு வேதனையும் இருக்கின்றன.

வேடிக்கை இது. எலித்தெள்ளு மூலம் வரும் நோய்க்கு வெயில் கோணத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை. ஆனால் அதே சால்களில் சத்தமில்லாமல் ஆள் தின்றுகொண்டிருந்த இன்னொரு கிருமிக்கு, காசநோய்க் கிருமிக்கு, இது சரியான மருந்து. அது காற்றில் வருவது. மூடிய அறையில் இருமினால் துகள்கள் மணிக்கணக்கில் மிதக்கும். ஜன்னலைத் திறந்தால் கலைந்து போகும். வெயிலில் கிருமி சாகும். டவுன்ஸ், பிளண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் வெயில் பாக்டீரியாவைக் கொல்கிறது என்று 1877-லேயே காட்டியிருந்தார்கள். ஒரு நோய்க்காகப் போட்ட விதி வேறொரு நோய்க்குப் பலித்தது.

வேதனை இது. டிரஸ்ட் இடித்த வீடுகளின் எண்ணிக்கை அதிகம், ஏழைகளுக்குக் கட்டிக் கொடுத்தது குறைவு. மாண்ட்வியிலிருந்து விரட்டப்பட்டவன் மாதுங்காவுக்கு வரவில்லை. அவனால் அந்த வாடகை கொடுக்க முடியாது. பக்கத்துச் சந்தில் இன்னொரு சாலில் போய் நெருக்கியடித்துக்கொண்டான். 1920, 30-களில் மாதுங்காவின் புதுக் கட்டடங்களுக்குக் குடிவந்தவர்கள் யார் தெரியுமா? தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ரயிலேறிய நம்மவர்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் இங்கே தொடங்கியது. கோயில், காபிக்கொட்டைக் கடை, பூக்கடை, வாழையிலை என்று ஒரு சின்ன கும்பகோணம். ப்ளேக்கில் செத்த தொழிலாளியின் பெயரால் வந்த வெயிலில் நாம் வடாம் காயவைத்தோம்.

அதே காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த இன்னொரு தமிழ்க் கூட்டம் கூப்பிடு தூரத்தில் தாராவியின் தோல் பதனிடும் கொட்டகைகளில் இருந்தது. இரண்டு கூட்டமும் ரயிலேறி வந்ததுதான். ஒன்றுக்கு 63.5 டிகிரி கிடைத்தது. மற்றொன்றுக்கு டிகிரியே இல்லை.

தூசியும் மண்ணும்

ஓர் சொன்ன விதி வெறும் ஊகம் இல்லை என்பதற்கு இப்போது சோதனைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தார் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டுத் தூசியைச் சின்னச் சின்ன மாதிரி அறைகளில் போட்டு, 90 நாள் வைத்திருந்து பார்த்தார்கள். இருட்டறைத் தூசியில் பாக்டீரியாக்களில் சுமார் 12 சதவீதம் உயிரோடு இருந்தது. ஜன்னல் கண்ணாடி வழியாகப் பகல் வெளிச்சம் பட்ட அறையில் 6.8 சதவீதம். கிட்டத்தட்ட பாதி. நம் பாட்டிகள் பாயையும் தலையணையையும் மொட்டைமாடியில் போட்டது சும்மா இல்லை.

ஆனால் எல்லா நுண்ணுயிரும் விரோதி அல்ல என்பதும் இந்த நூறு வருஷத்தில் நாம் கற்றுக்கொண்ட பாடம். காசநோய்க் கிருமிக்கு மண்ணில் வாழும் ஒரு சாதுவான ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறது. பெயர் மைக்கோபாக்டீரியம் வாக்கே. லண்டனில் நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு இதைச் செயலிழக்கச் செய்து ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஆயுள் நீளவில்லை. ஆனால் இருந்த நாட்கள் கொஞ்சம் நன்றாகக் கழிந்தன. 2007-ல் பிரிஸ்டலில் கிறிஸ்டோபர் லோரி குழுவினர் எலிகளுக்குப் போட்டபோது, மூளையில் செரடோனின் சுரக்கும் நரம்பணுக்கள் தூண்டப்பட்டன. (1896-ல் எலி என்ன பாடு படுத்தியது, இப்போது எலி என்ன சொல்லிக் கொடுக்கிறது பாருங்கள். :-))

2018-ல் ஜெர்மனியில் இன்னொரு சோதனை. கால்நடைகளோடு பண்ணையில் வளர்ந்த 20 ஆண்கள், வளர்ப்புப் பிராணி இல்லாமல் பெருநகரத்தில் வளர்ந்த 20 ஆண்கள். இரண்டு கூட்டத்தையும் ஆட்கள் முன்னால் பேசச் சொல்லி, மனக்கணக்குப் போடச் சொல்லிப் படபடக்க வைத்தார்கள். ரத்தத்தைப் பார்த்தால், நகரத்துக்காரர்களுக்கு உடம்புக்குள் அழற்சி அதிகமாகக் கிளம்பியது, அடங்கவும் நேரமானது. மண்ணின் நுண்ணுயிரோடு பழகாத உடம்புக்கு நிதானம் குறைவோ என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாற்பது பேரை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் நகரம் நம் உடம்பிலும் மனசிலும் ஒரே வழியாகத்தான் நுழைகிறது என்ற சந்தேகத்துக்கு இது போதும். எந்த நுண்ணுயிர் நம்மோடு குடியிருக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு வீட்டின் ஜன்னலுக்கும் வாசலில் இருக்கும் மண்ணுக்கும் உண்டு.

மூன்று மீட்டர்

டிரஸ்டை 1933-ல் முனிசிபாலிட்டியோடு சேர்த்துவிட்டார்கள். காலப்போக்கில் ஓரின் கோணம் மறந்தது. குடிசைவாசிகளுக்கு மாற்று வீடு கட்டும் திட்டங்களுக்கு இடைவெளி விதிகளில் தாராளமாகச் சலுகை கொடுத்தார்கள். நெருக்கிக் கட்டினால் இன்னும் நாலு பேருக்கு வீடு கிடைக்குமே என்பது வாதம். கேட்கும்போது நியாயம் போலத்தான் இருக்கும்.

கோவண்டி பக்கம் இப்படி எழுந்த மறுவாழ்வுக் குடியிருப்புகளில் 'டாக்டர்ஸ் ஃபார் யூ' என்ற அமைப்பும் மும்பை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ஆராய்ந்து, 2018-ல் முடிவுகளைச் சொன்னார்கள். கட்டடங்களுக்கு நடுவே சில இடங்களில் மூன்று மீட்டர்தான். கீழ்மாடிகளுக்கு வானம் தெரியாது. வெளிச்சமும் காற்றோட்டமும் குறைந்த வீடுகளில் காசநோய் அதிகம். 1896-ல் சுவரில் எழுதிய அந்த மூன்று எழுத்தை, நாம் புதுக் கட்டடத்துக்கே முன்கூட்டி எழுதிவைத்திருக்கிறோம்.

அக்காவோடு ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு கட்டடத்துக்கு நடுவே இருந்த சந்தைக் காலால் அளந்தேன். நாலு எட்டுதான். ஏழு மாடி, மாடிக்கு மூன்று மீட்டர் என்றால் உயரம் 21 மீட்டர். ஓர் கணக்குப்படி நடுவே பத்தரை மீட்டர் வேண்டும். அண்ணாந்து பார்த்தேன். துணி காயும் கம்பிகளுக்கு மேலே ஒரு நாடா அகலத்துக்கு வானம்.

மகளுக்கு மாத்திரை அரசாங்கத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. டாக்டர் சொன்ன பிறகு, அக்கா வேலைக்கு வரும்போது அவளையும் அழைத்து வருகிறார். நாலு வீட்டு வேலை முடியும் வரை ஃபைவ் கார்டன்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பாடப்புத்தகம் கையில் இருக்கும், பெரும்பாலும் படிக்கமாட்டாள். போகிற வருகிற நாய்களோடு பேசிக்கொண்டிருப்பாள். சுவரைப் பார்ப்பதை விட்டாள் என்பதே அக்காவுக்குப் போதுமாக இருக்கிறது.

ஆறு மாத மருந்து முடிந்தால் கிருமி போய்விடும். அதன் பிறகும் அவள் அந்த இரண்டாவது மாடிக்குத்தான் திரும்பிப் போகவேண்டும். மாதுங்காவிலும் பழைய கட்டடங்களை இடித்து டவர்கள் எழும்ப ஆரம்பித்துவிட்டன. நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால், பாதி ஊரைக் காலி செய்துவிட்டு நாம் ஒரு கோணத்தைக் கற்றுக்கொண்டோம். அதை எந்த ஃபைலுக்குள் வைத்தோம் என்று யாராவது தேடி எடுத்தால் தேவலை.